குறை மரக்கால்

என் அக்காளின் நாடியை நாற்பத்தொரு நாள் எண்ணினேன். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. நாற்பத்தோராம் நாள் மாலையில் எண்ண வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. ஆகவே மொத்தம் எண்பத்தொரு முறை. எண்பத்தொரு முறையும் தவறாக எண்ணினேன்.

இதை எழுதுகிறவன் முப்பத்துநான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன். இப்போது எண்பத்தாறு வயது. எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பதினேழு எட்டு. மாடிக்குப் பதினான்கு படி. அதில் ஒன்பதாவது படி மற்றவற்றைவிட அரை அங்குலம் உயரம். கட்டும்போதே கொத்தனாரிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. இன்றுவரை அந்தப் படியில் என் கால் தடுக்குகிறது. மகள் விரலில் மாட்டும் கருவி ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறாள். மாட்டினால் சிவப்பில் ஓர் எண் வரும். வீட்டில் எல்லோரும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த நிம்மதி வருவதில்லை. ஓர் எண்ணைப் பார்த்து நிம்மதியாக இருந்த ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும்.

அக்காள் என்னைவிட ஆறு வயது மூத்தவள். பதினோரு வயதில் அவளுக்கு மூட்டுக் காய்ச்சல் வந்ததாகச் சொல்வார்கள். முதலில் வலது முழங்கால் வீங்கியது, அது வற்றியதும் இடது, பிறகு கணுக்கால், பிறகு மணிக்கட்டு. வாதம் என்று சொல்லி எண்ணெய் தேய்த்துப் படுக்கவைத்தார்கள். இருபத்துமூன்று நாளில் எழுந்து நடமாடிவிட்டாள். அந்தக் காய்ச்சல் போகிற போக்கில் நெஞ்சுக்குள் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. பார்க்கக்கூடிய இடத்தில் அது இல்லை.

தோவாளையில் பிச்சிப் பூத் தோட்டம் வைத்திருந்த அத்தானுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்தன. அதன் பிறகு பிள்ளை இல்லை. பூக் கட்டுவதில் அவளுக்கு ஈடு அந்தத் தெருவில் கிடையாது. மற்றவர்கள் ஒரு முழம் கட்டும் நேரத்தில் ஒன்றே முக்கால் முழம் கட்டுவாள். கடிகாரத்தை வைத்துப் பார்த்திருக்கிறேன். அவள் கட்டிய சரத்தில் பூவுக்கும் பூவுக்கும் நடுவில் உள்ள இடம் முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவாக இருக்கும். நாரைக் கண்ணால் பார்க்க முடியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்துமூன்று, மாசி மாதம். எனக்கு இருபத்தேழு வயது. கல்யாணமாகி ஒரு வருஷம். கோட்டாற்றிலிருந்து ஒன்றரை மைல் தள்ளி ஒரு வயற்காட்டு ஊரில் குடியிருந்தோம். அத்தான் ஒரு நாள் காலையில் அக்காளை வில்வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். வண்டியிலிருந்து வாசலுக்கு ஒன்பது எட்டு. அந்த ஒன்பது எட்டுக்கு நடுவில் அவள் இரண்டு தடவை நின்றாள்.

“படுத்தா மூச்சு முட்டுகுன்னு ராத்திரி பூரா சுவரச் சாஞ்சு இருக்கா, மக்கா” என்றார் அத்தான். “கோட்டாத்துல டாக்டர் இருக்காருல்லா. இங்கன இருந்தா உனக்குக் காட்டதுக்கு எளுப்பம்.”

அவளுடைய கணுக்காலை விரலால் அமுக்கினேன். குழி விழுந்தது. அந்தக் குழி நிரம்ப நான் இருபத்திரண்டு எண்ண வேண்டியிருந்தது.

கோட்டாற்று டாக்டர் ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார். குழலை அக்காளின் நெஞ்சில் வைத்து நெடுநேரம் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார்.

“உள்ள எப்பிடி இருக்கு அம்மா?” என்று கேட்டார்.

“கோழிய அமுக்கிப் பிடிச்சா பெடைக்கும்லா, அப்பிடி இருக்கு டாக்டரே.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “வேகமா அடிக்கு. தாளமும் செரியில்ல. திருவனந்தபுரத்துல ஒரு மிஷின் வந்திருக்கு, நெஞ்சு அடிக்கது அப்பிடியே காகிதத்துல வரைஞ்சு தந்துரும். இப்ப இவங்களால அம்புட்டுத் தூரம் பஸ்ஸுல போவ முடியாது. வீக்கம் வத்தட்டும். அதுவர மாத்திரை தாறேன். ஒரு செடி இலையிலேருந்து எடுக்கது. கூடினாலும் ஆபத்து, கொறஞ்சாலும் பலனில்ல. அதனால தெனமும் நாடிய எண்ணி ஒரு தாளுல எழுதிட்டு வரணும். அறுபதுக்குக் கீழ போனா மாத்திரையக் குடுக்கப்பிடாது. தொண்ணூறுக்கு மேல போனா அன்னைக்கே எங்கிட்ட வந்து சொல்லணும். எண்ணுகது எப்பிடின்னா, சாரே—”

“எண்ணத் தெரியும் சார்” என்றேன் நான். “நான் கணக்கு வாத்தியார்.”

டாக்டர் சிரித்துவிட்டு மாத்திரைச் சீட்டை எழுதத் தொடங்கினார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. அதன் மீதியில் என்ன இருந்திருக்கும் என்று ஐம்பத்தொன்பது வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு எண்ணத் தெரிந்தது பள்ளிக்கூடத்தில் மட்டுமல்ல. எங்களுக்குப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு எடுத்த வயல் கொஞ்சம் இருந்தது. அறுவடைக் களத்தில் நெல்லைக் குவித்து மரக்காலால் அளப்பார்கள். அளப்பவர் ஒருவர், எண்ணிச் சொல்பவர் ஒருவர். முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்லும் வழக்கம் இல்லை. ‘லாபம்’ என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு ரெண்டு, மூணு என்று போகும். மரக்காலின் வாய் நிறைந்து நெல் வழிந்தால்தான் எண் நகரும். அளப்பவரின் கை தவறி நெல் விளிம்புக்குக் கீழே நின்றுவிட்டால் அது குறை மரக்கால். அதைக் குவியலிலேயே திருப்பித் தட்டிவிட்டு மறுபடி அள்ளுவார். எண்ணுகிறவன் அப்போது வாயைத் திறக்கக் கூடாது.

பள்ளிப் படிப்பை முடித்த வருஷம் நான் முதல்முறையாக எண்ண நின்றபோது, ஒரு குறை மரக்காலைச் சேர்த்து எண்ணிவிட்டேன். நிலத்துக்காரரின் ஆள் அதைக் கண்டுவிட்டார். அதுவரை அளந்தது அத்தனையும் திரும்பக் கொட்டி முதலிலிருந்து அளக்கவைத்தார். உச்சி வெயில். களத்தில் இருந்த பதினோரு பேரும் என்னைத் திட்டினார்கள். அன்றிலிருந்து குறை மரக்கால் என் கண்ணில் பட்டாலும் எண்ணில் சேராது. அது யோசித்துச் செய்கிற காரியமாக இல்லாமல் ஆகிவிட்டது.

அந்த மாசியிலும் கும்பப்பூப் போகத்து நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தது. களத்தில் எண்ணிவிட்டு, கைகால் கழுவிவிட்டு, உள்ளே வந்து அக்காளின் மணிக்கட்டைப் பிடிப்பேன்.

நொடி முள் உள்ள கைக்கடிகாரம் என்னிடம் இல்லை. தலைமையாசிரியரிடம் இரவல் வாங்கினேன். அது நாளொன்றுக்கு இரண்டு நிமிஷம் முந்தி ஓடும். அதனால் ஒரு நிமிஷத்தில் எவ்வளவு தவறு வரும் என்று கணக்குப் போட்டேன். எழுபத்திரண்டு துடிப்புக்குப் பத்தில் ஒரு துடிப்பு. அந்தப் பத்தில் ஒரு துடிப்புக்காக ஒரு மாலை முழுவதும் கவலைப்பட்டேன். தாளில் அதற்கென்று தனியாக ஒரு குறிப்புக்கூட எழுதினேன். இதை நினைக்கும்போது எனக்கு என்மேல் வரும் கோபத்துக்கு அளவில்லை.

அக்காளின் நாடி எப்படி இருந்தது என்பதை இப்போது சொல்ல முடியும். நல்ல துடிப்பு ஒன்று விரலைத் தூக்கும். இன்னொன்று தூக்கும். பிறகு, நேரத்துக்கு முன்னால், எறும்பு ஊர்ந்ததுபோல ஒன்று தொட்டுவிட்டுப் போகும். பிறகு ஒரு நீண்ட இடைவெளி. பிறகு மூன்று அவசரமாக வரும், அதில் ஒன்று மெலிசு. என் விரலுக்கு அத்தனையும் தெரிந்தது. தெரியவில்லை என்று நான் ஒருநாளும் சொல்ல முடியாது. நிறைந்து வந்ததை எண்ணினேன். மெலிந்து வந்ததைத் திருப்பித் தட்டினேன். எழுபத்திரண்டு. எழுபத்துநான்கு. எழுபது.

தாளில் கட்டம் போட்டு, தேதி, காலை, மாலை என்று எழுதினேன். அச்சடித்ததுபோல இருக்கும். அக்காள் அதைப் பார்த்துச் சொல்வாள்:

“பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்கு மார்க்கு போட்டது காணாதுன்னு என் நெஞ்சுக்கும் மார்க்கு போடுகானே! இன்னைக்கு எத்தனைலே? ஜெயிச்சிட்டனா?”

“எழுபத்துநாலு. பேசாம இரு, பேசினா கூடும்.”

“கூடட்டும்லே. உனக்கு மட்டுந்தான் குடுப்பினையா? எல்லா மார்க்கையும் நீயே வச்சுக்கிட்டா எப்பிடி?”

அத்தான் தினமும் காலை பஸ்ஸில் ஒரு சிறிய கூடை பிச்சி மொட்டு கொடுத்து அனுப்புவார். கடைத்தெருவில் இறங்கிவரும் ஓர் ஆள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். சும்மா இருக்க அவளால் முடியாது என்று அத்தானுக்குத் தெரியும். தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்து கட்டுவாள். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, நான் அவள் கையைப் பிடித்து எண்ணி முடித்ததும் சொன்னாள்:

“ஏலே, நீ எத்தனைன்னு மட்டும் சொல்லுகே. அது எப்பிடி வருகுன்னு சொல்லமாட்டங்கியே. கை பழகாதவ கட்டுன பூ மாதிரி கெடக்கு. ஒரு எடத்துல பூமேல பூ ஏறி நெருக்கிட்டு நிக்கி, ஒரு எடத்துல வெறும் நாரு தெரியுது. எனக்கு அந்த நாரு வாற எடத்துலதான் பயமா இருக்கு.”

எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறாள்! பிறகு நான் பார்த்த எந்தப் புத்தகத்திலும் இதைவிடத் தெளிவாக எழுதியிருக்கவில்லை. நான் சொன்ன பதில்: “எண் சரியா இருக்கு. நீ மனசப் போட்டு அலட்டாத.”

இன்னொரு சந்தர்ப்பமும் கிடைத்தது. ஒரு மாலை என் மனைவி, அக்காளுக்கு உப்பில்லாத கஞ்சியைக் கொடுத்துவிட்டு, விளையாட்டாக அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

“இங்க பாருங்க, இப்ப ஒண்ணு வந்துச்சு. நீங்க எண்ணல்ல” என்றாள்.

“அது குறை.”

“கொறையா இருந்தாலும் வந்துச்சுல்லா?”

“நெறஞ்சு வாறதத்தான் எண்ணணும். நடுவுல பேசினா மொதல்லேருந்து எண்ணணும், தெரியுமா?”

அக்காள் சிரித்தாள். “விடுட்டி. அவன் இன்னும் களத்தவிட்டு ஏறி வரல்ல. என் நெஞ்ச அளந்து பத்தாயத்துல தட்டாம விடமாட்டான்.”

“ஆமா மயினி. கொறைய எல்லாம் உங்களுக்கே திருப்பித் தந்துருவாங்க” என்றாள் என் மனைவி.

மூன்று பேரும் சிரித்தோம். சிரிப்பில் அவளுக்கு மூச்சு வாங்கியது. நான் மறுபடி முதலிலிருந்து எண்ணி எழுபத்திரண்டு என்று எழுதினேன்.

வாரத்துக்கு ஒருமுறை தாளை எடுத்துக்கொண்டு கோட்டாற்றுக்கு நடந்து போவேன். ஐந்து முறை போனேன். டாக்டர் தாளைப் பார்ப்பார். எழுபதுக்கும் எழுபத்தாறுக்கும் நடுவில் நிற்கும் அந்த வரிசையைப் பார்த்து அவருக்கும் நிம்மதி. “நல்லாக் கேக்குது மருந்து. இதே அளவே குடுங்க” என்பார். மூன்றாவது முறை மட்டும், “ஆளைக் கூட்டிட்டு வாங்களேன், ஒருக்கா குழல் வச்சுப் பாக்கேன்” என்றார்.

“எண் நல்லா இருக்கே சார். வண்டில குலுங்கணுமேன்னு யோசிக்கேன்” என்றேன்.

“செரி, அடுத்த மட்டம் பாப்போம்” என்றார். வெளியே பதினாறு பேர் காத்திருந்தார்கள்.

உப்பைக் குறைத்ததிலும் ஓய்விலும் கால் வீக்கம் கொஞ்சம் வற்றியிருந்தது. குழி நிரம்ப இருபத்திரண்டு எண்ணியது இப்போது பதின்மூன்று. அதையும் தாளின் ஓரத்தில் எழுதினேன். எல்லா எண்ணும் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. அவள் முகம் மட்டும் அந்தக் கணக்கில் சேரவில்லை. உதட்டில் நீலம் ஓடியிருந்தது. முகத்துக்கு எண் கிடையாது. எழுதக் கட்டமும் இல்லை.

நாற்பத்தோராம் நாள், பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் எண்ணினேன்: எழுபத்துநான்கு. மாத்திரை கொடுத்தேன். பத்து மணி இருக்கும். அவள் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டாவது தாள்.

அவள் வலது கையிலிருந்து நார் நழுவி விழுந்தது. எடுத்தாள். மறுபடி விழுந்தது. அவள் கையையே பார்த்தாள். அது வேறு யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தாள். மூன்றாவது முறை எடுக்கக் குனிந்தவள் அப்படியே சாய்ந்தாள். “அக்கா” என்று தூக்கினேன். வாய் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. ஏதோ சொன்னாள். சொல்லாக வரவில்லை. மடியிலிருந்த மொட்டெல்லாம் தரையில் கொட்டின.

ஆள் அனுப்பியதும் டாக்டர் தன் கறுப்புக் காரில் அரை மணிக்குள் வந்துவிட்டார். கையைத் தூக்கிப் பார்த்தார், காலைப் பார்த்தார், கண் இமையைத் திறந்து பார்த்தார். குழலை நெஞ்சில் வைத்தவர் புருவத்தைச் சுருக்கினார். தாளை வாங்கிப் பார்த்தார். மறுபடி நெஞ்சில் குழலை வைத்தார்.

“சாரே, நீங்க கையப் பிடிச்சு எண்ணுங்க. நான் நெஞ்சுல எண்ணுகேன். ரெண்டு பேரும் ஒரே சமயத்துல. நான் சொன்னதும் தொடங்கணும்.”

கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணினோம்.

“எத்தனை?”

“எழுபத்துநாலு சார்.”

“எனக்கு நூத்தி இருபத்தெட்டு.”

ஐம்பத்துநான்கு வித்தியாசம். மனத்துக்குள் கழித்துவிட்டு, திரும்பவும் கழித்துப் பார்த்தேன். டாக்டர் என் கையை விலக்கிவிட்டுத் தானே மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார்.

“கையில நூத்தி ரெண்டு வருகு” என்றார். “நெஞ்சுக்கும் கைக்கும் இருபத்தாறு கொறையும். அது நோயோட கொணம், கொறைஞ்சுதான் வரும். உங்களுக்கு இன்னும் இருபத்தெட்டு எங்க போச்சு? இந்தா, இப்ப ஒண்ணு வந்துச்சு பாருங்க. இது உங்களுக்குத் தெரியல்லியா?”

“தெரிஞ்சுது சார். அது குறை.”

“கொறைன்னா?”

சொன்னேன். களம், மரக்கால், வழிந்தால்தான் எண் நகரும் என்பது. என் குரல் எனக்கே கேட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் முழுவதும் கேட்டார். குழலைக் காதிலிருந்து எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். கோபிப்பார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் சொன்னார்.

“நெஞ்சுல மேல ரெண்டு அறை, கீழ ரெண்டு அறை. மேல இருக்கது சுருங்கினதும் கீழ இருக்கது சுருங்கணும், அதுதான் ஒழுங்கு. இவங்களுக்கு மேல இருக்கது சுருங்கல்ல. சும்மா நடுங்கிக்கிட்டு கெடக்கு. அதனால கீழ உள்ளதுக்கு எப்ப அடிக்கணும்னு தெரியல்ல. தோணினபோதெல்லாம் அடிக்கு. ரெத்தம் நெறையதுக்கு முந்தி அடிச்சா, கைக்கு மெலிசா வரும், இல்லன்னா வராமலே போவும். நீங்க கொறைன்னு தள்ளினீங்கல்லா, அதுதான் சாரே நோய். அதப் பாக்கதுக்குத்தான் எண்ணச் சொன்னேன்.”

பிறகு, யாரிடமோ சொல்வதுபோல, “அன்னைக்கு நான் சொல்லி முடிச்சிருக்கணும்” என்றார்.

நடுங்கிக்கொண்டே இருக்கும் அறையில் ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும், உறைந்ததில் ஒரு துணுக்கு கிளம்பி மூளைக்குப் போயிருக்கிறது. இதையும் அவர்தான் சொன்னார். சரியான எண் தெரிந்திருந்தால் மருந்தைக் கூட்டியிருப்பேன், ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பேன் என்றார். அப்போதும் துணுக்கு போயிருக்குமா என்று கேட்டேன். “போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம்” என்றார். எனக்கு ஓர் எண் வேண்டியிருந்தது. நூற்றுக்கு இத்தனை என்று ஏதாவது ஒன்று. அவர் தரவில்லை.

அத்தான் மத்தியானம் வந்தார். அவளுடைய கட்டிலருகில் உட்கார்ந்து, விழுந்துகிடந்த மொட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பிறகு என்னைப் பார்த்து, “நீ எண்ணிட்டுத்தான மக்கா இருந்த?” என்று கேட்டார். சந்தேகத்தில் கேட்ட கேள்வி இல்லை அது. என்னைத் தேற்றுவதற்காகக் கேட்டது.

“ஆமா அத்தான். ஒரு நாளும் விடல்ல” என்றேன்.

அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை.

ஆனி மாதம் அவளைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போனோம். பஸ்ஸில் பின்வரிசை முழுவதையும் அத்தான் பிடித்துப் படுக்கவைத்திருந்தார். மார்த்தாண்டத்தில் பஸ் இருபது நிமிஷம் நின்றது. அவளுக்கு இளநீர் வாங்கிவந்து, வாயின் நல்ல பக்கமாகப் பார்த்துக் கொடுத்தோம்.

அந்த மிஷின் ஒரு பெரிய மரப்பெட்டி. இரண்டு கையிலும் காலிலும் உப்புநீரில் நனைத்த துணியை வைத்து, அதன்மேல் தகட்டைக் கட்டினார்கள். மூச்சுக்கூட விடாமல் படுத்திருந்தாள். கட்டம் போட்ட நீளக் காகிதம் நாடாவைப்போல வெளியே வந்தது. அங்கிருந்த இளம் டாக்டர் அதை மேசையில் விரித்து, பென்சிலால் காட்டினார். ஒழுங்காக அடிக்கும் நெஞ்சில் ஒவ்வொரு பெரிய கூர்முனைக்கும் முன்னால் ஒரு சிறிய மேடு இருக்கும். மேல் அறை சுருங்கியதற்கு அது அடையாளம். இதில் அந்த மேடு எங்குமே இல்லை. கோடு முழுவதும் சிலிர்த்துக்கொண்டு ஓடியது, குளத்துத் தண்ணீரில் காற்றடிப்பதுபோல. அதன்மேல் கூர்முனைகள் நினைத்த இடத்தில் நின்றன.

“ரெண்டு முனைக்கு நடுவுல எத்தனை சின்னக் கட்டம்னு எண்ணிப் பாருங்க” என்றார். “ரெண்டு எடம் ஒண்ணுபோல இருந்தா சொல்லுங்க.”

எண்ணினேன். ஒன்பது. பதினான்கு. பதினொன்று. பதினேழு. பத்து. பதின்மூன்று. அக்காள் சொன்ன பூச்சரம் என் கண்முன்னால் காகிதத்தில் கிடந்தது. இங்கே பூமேல் பூ, அங்கே வெறும் நார். மிஷின் இல்லாமல், கட்டம் இல்லாமல், நான்கு மாதம் முன்பே அவள் சொல்லிவிட்டாள். அந்த நாடாவில் ஒரு துண்டை எனக்குத் தந்தார்கள்.

இன்னும் மூன்று வருஷம் இருந்தாள். மருந்தைக் கூட்டியதில் வேகம் தணிந்தது. தாளம் திரும்பவில்லை. தோவாளைக்குப் போனபின் நான் ஞாயிறுதோறும் போவேன். வலது கை மடியில் கிடக்கும். பேச்சில் மிஞ்சியது இரண்டு சொல். ஒன்று ‘செரி’. இன்னொன்று ‘சவம்’, எங்கள் பக்கத்து வசவு. கஞ்சி சூடாக இருந்தாலும் சவம், பஸ் பிந்தினாலும் சவம், டாக்டர் வந்தாலும் சவம். அத்தான், “எனக்கு மட்டும் செரி சொல்லுகா. முப்பது வருஷம் கழிச்சுத்தான் வாய்க்கும்னு நெனச்சேன், இப்பமே கெடச்சுட்டு” என்பார். அவர் சிரிப்பதைப் பார்த்து அவளும் பாதி முகத்தால் சிரிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். பழக்கத்தில் வாய்விட்டு “லாபம்” என்று தொடங்கிவிட்டேன். அவள் “ரெண்டு” என்றாள்.

நானும் அத்தானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். “மூணு” என்றாள். “நாலு.” தண்ணீர் என்று சொல்ல வராதவளுக்கு எண் வந்தது. வரிசையாக, தெளிவாக. பிற்பாடு டாக்டர், பேச்சு போனவர்களில் சிலருக்கு இப்படி வரிசையாகச் சொல்வது மட்டும் தங்கிப்போகும் என்றார். அதிலிருந்து ஞாயிறுதோறும் இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினோம். நான் விரலால் பார்த்து எண்ணுவேன். அவள் உள்ளே கேட்டு எண்ணுவாள். மெலிசு ஒன்று வரும். முதலில் சில வாரம் என் நாக்கு அங்கே நின்றுவிடும். அவள் நிற்கமாட்டாள். அவள் நாற்பத்தொன்றில் இருக்கும்போது நான் முப்பத்தெட்டில் இருப்பேன். அப்போது இடது கையால் என் புறங்கையில் ஒரு தட்டு தட்டுவாள். “சவம்” என்பாள்.

அவளுக்குத் தெரிந்துதான் தட்டினாளா? அந்த நாற்பத்தொரு நாளில் நான் விட்டவை எவை என்று அவளுக்குத் தெரியுமா? என் மனைவியிடம் ‘விடுட்டி’ என்று சிரித்தது அவளுக்கு நினைவிருந்ததா? கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ‘செரி’ என்று சொல்லியிருப்பாள், இல்லையென்றால் ‘சவம்’ என்று சொல்லியிருப்பாள். இரண்டுக்கும் பயந்து நான் கேட்கவில்லை.

ஐம்பத்தாறு ஆவணியில் ஒரு மத்தியானம், பூக்கூடையின் பக்கத்தில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். அந்த ஐப்பசியில்தான் எங்கள் தாலுகாக்கள் மலையாள ராஜ்யத்திலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. ஊரெல்லாம் வெடி போட்டார்கள். அத்தான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்.

அவள் போன பதினாறாம் நாள் காரியத்தில், அடியந்திரப் பந்தி முடிந்து சொந்தக்காரர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தான் என் தோளில் கையைப் போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “கூடப் பொறந்தவன்னா இவனாக்கும். நாப்பத்தொண்ணு நாளு, ஒரு வேளை விடாம நாடி பாத்து எழுதி வச்சான். அந்தத் தாள நான் பாத்தேன். அச்சு மாதிரி இருக்கும்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொல்ல அதுதான் இடம், அதுதான் நேரம். அடுக்களை வாசலில் நின்ற என் மனைவி என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். நான் சொன்னால் அத்தான் என்னை அடித்திருக்கமாட்டார். ஒருவேளை தோளிலிருந்து கையை எடுத்திருப்பார். அவ்வளவுதான். அந்தக் கையின் பாரத்தை இழக்க எனக்கு மனம் வரவில்லை. “இருக்கட்டும் அத்தான்” என்று மட்டும் சொன்னேன்.

அத்தான் அதன் பிறகு இருபத்தாறு வருஷம் இருந்தார். அந்த இருபத்தாறு வருஷத்தில் என்னை அப்படிப் புகழ்ந்து நான் கேட்டது ஒன்பது தடவை. ஒன்பது தடவையும் வாயைத் திறக்காமல் இருந்தேன். மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

தாளும் நாடாத் துண்டும் ஒரே உறையில் இருக்கின்றன. நாடாவில் கோடு மங்கிவிட்டது, சில இடத்தில் கட்டம் மட்டும்தான் தெரிகிறது. தாளில் மை மங்கவில்லை. எண்பத்தொரு எண்களும் நேற்று எழுதியதுபோல நேராக நிற்கின்றன. இன்று காலை என் நாடியை எண்ணினேன். எழுபத்தெட்டு. அதில் ஆறு மெலிசு. ஆறாவது வந்தபோது என் புறங்கையை நானே பார்த்துக்கொண்டேன்.